ஹீட்டரில் வைக்காத சிவப்புப் பொட்டு

பினாங்கில் மீன்தொட்டிக்கு ஹீட்டர் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். துணியைக் கொடியில் போட்டுவிட்டு ஒரு கோப்பி குடித்து வருவதற்குள் காய்ந்து மொறுமொறுத்துப் போகிற ஊர் இது. நானும் சிரித்தவள்தான். "நமக்கே வேர்த்து ஊத்துது, மீனுக்கு எதுக்குங்க சுடுதண்ணி?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அந்தக் கண்ணாடிக் குழாயை மூலையில் பொருத்திக்கொண்டே, "டிஸ்கஸ் மீனு நம்மள மாதிரி இல்ல லா. அது பெரிய வீட்டுப் புள்ள. முப்பதுக்குக் கீழ போனா அதுக்குச் சாப்பாடு எறங்காது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பாயான் பாருவில் எங்கள் ஃபிளாட்டில், மகள் வேலைக்காகக் கோலாலம்பூர் போன பிறகு காலியாகக் கிடந்த அறையில்தான் தொட்டி. மழை பிடித்துக்கொண்டால் தண்ணீரின் சூடு இருபத்தேழுக்கு இறங்கிவிடும். பெரிய மீன்கள் எப்படியோ தாங்கும், குஞ்சுகள் தாங்காது. டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் நாம் போடுகிற தீனி ஆகாது. தாய் தகப்பன் உடம்பில் பால் போல ஒன்று ஊறும், அதைத்தான் கொத்தித் தின்னும். தாய் களைத்துப்போனால் ஓர் உதறு உதறும், குஞ்சுகள் கூட்டமாகத் தகப்பனிடம் போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்ப்பதற்காகவே என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு அப்போது வேறு வேலையும் இல்லை. ஜுருவில் கார் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் குறைத்தபோது அவரையும் குறைத்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? அந்தச் சமயத்தில்தான் கடலுக்கு அக்கரையில் டிஸ்கஸ் பண்ணை வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கே, பண்ணை முதலாளி, அவரிடம் சொன்னார்: உன் வீட்டில் ஒரு ஈட்டுக் குஞ்சையாவது நகத்தளவுக்கு வளர்த்துக் காட்டு, என் பண்ணையில் உனக்கு வேலை இருக்கிறது. அதைக் கேட்டு வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சிரிக்கவில்லை. முதல் இரண்டு முறை மீன்களே முட்டையைத் தின்றுவிட்டன. மூன்றாவது முறை, தவக்காலம் தொடங்குகிற நேரத்தில், ஒரு ஜோடி மறுபடியும் இடத்தைத் துடைத்து முட்டை போடத் தயாரானது.

இப்போது என்னைப் பற்றி. நான் மின்னணுத் தொழிற்சாலையில் கேலிப்ரேஷன் அறையில் வேலை செய்கிறேன். கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பதும், தப்பாக அளப்பதைத் திருத்துவதும்தான் வேலை. சோல்டரிங் அயர்ன், சூளை, தராசு எல்லாம் என் மேசைக்கு வரும். கருவிக்கும் வயதாகும். உள்ளே இருக்கிற தகடு தளரும், ஸ்பிரிங் சோம்பும், எண் ஒன்று காட்டும் உண்மை ஒன்று இருக்கும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை, எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்தால் போதும். திருத்திய பிறகு அந்தத் திருகின் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்போம். இதில் ஒருத்தி கை வைத்திருக்கிறாள், அவளைக் கேட்காமல் நீ கை வைக்காதே என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் நான் முதல் நாளே சொல்வது இதைத்தான், கண்ணை உருட்டிச் சொல்வேன்.

அந்த ஹீட்டரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது கிழடு என்று. மீன் வளர்ப்பை விட்ட ஒரு கூட்டாளி கொடுத்தது. தலையில் ஒரு குமிழ், அதைத் திருப்பினால் சூடு கூடும் குறையும். குமிழைச் சுற்றி இருந்த எண்கள் பாசியைத் தேய்த்துத் தேய்த்தே அழிந்துபோயிருந்தன. தண்ணீரின் சூட்டைப் பார்க்க அவர் வைத்திருந்தது தொட்டிக்கு வெளியே கண்ணாடியில் ஒட்டுகிற பட்டை. அதுவும் பழசு, பக்கத்தில் ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருக்கும். "புது ஹீட்டர் வாங்குங்க, இது உருப்படாது" என்றேன். "நல்லாத்தானே ஓடுது" என்றார். "ஓடுறதெல்லாம் சரியா ஓடுதுன்னு அர்த்தமா? அம்பது தரம் சொல்லியாச்சு, மண்டையில ஏறுதா பாரு" என்று ஆரம்பித்து, ஹீட்டரில் தொடங்கியது எங்கெங்கோ போய், வேலை போனது வரைக்கும் இழுத்துவிட்டேன். அவர் எழுந்து மீன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் சாம்பல் புதன். பூசையில் ஃபாதர், இந்த வருஷம் இறைச்சியை மட்டும் விடாதீர்கள், நாக்கையும் கட்டுங்கள் என்றார். என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்ததும் அவரிடம், "இந்தத் தவக்காலம் முழுக்க உங்கள ஏச மாட்டேன்" என்றேன்.

"அலாமாக்! முழுசுமா?" என்றார். "ஆண்டவரே எறங்கி வந்தாலும் நம்ப மாட்டாரு."

"பாருங்க, இருந்து காட்டுறேன்."

இருந்தும் காட்டினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

முட்டை பொரிந்தது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கி, தாயின் முதுகில் மிளகாய் விதை தூவின மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் வேலைக்குக் கிளம்புகிற என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். எனக்கோ கண் ஹீட்டர் மேலேயே நின்றது. வீட்டில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் இருந்தது. அது சரியா என்று முதலில் பார்க்க வேண்டுமே, ஐஸ் கச்சாங் கடையில் போய்ச் சீவின ஐஸ் மட்டும் ஒரு பொட்டலம் கேட்டேன். "சிரப் வேணாமா கா?" என்று கடைக்காரப் பெண் மூன்று தரம் கேட்டாள். ஐஸை ஃபிளாஸ்க்கில் அடைத்துத் தெர்மாமீட்டரைச் சொருகினேன். சுத்தமாகப் பூஜ்யத்தில் நின்றது. மறுநாள் காலை அவர் எழுவதற்கு முன் அதைத் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு. அவர் முப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிற தண்ணீர், முப்பத்திரண்டு.

அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? எழுப்பி, "ஏங்க, பட்டை ரெண்டு குறைச்சுக் காட்டுது" என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நான் வாயைத் திறந்தால் அது ஏச்சாகத்தான் வரும் என்று எனக்கே தெரியும். 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று ஆரம்பிக்காமல் எனக்கு ஒரு நல்ல சேதியும் சொல்ல வராது. விரதம் முறிந்துவிடும். அதனால் குமிழைக் கொஞ்சமாகக் குறைத்துத் திருப்பினேன். தெர்மாமீட்டரைத் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பையில் சிவப்பு நகப்பூச்சு இருந்தது. குமிழின் மேல் ஒரு பொட்டு வைக்கலாமா என்று தோன்றியதும் உண்மை. வைத்தால் நான் தொட்டது அவருக்குத் தெரிந்துவிடும். வைக்கவில்லை.

மறுநாள் காலை பார்த்தால் மறுபடியும் முப்பத்திரண்டு. குறைத்தேன். அதற்கு அடுத்த நாள் அதைவிடக் கொஞ்சம் கூட. ஹீட்டர் தினமும் மேலே மேலே நழுவுகிறது என்று நினைத்தேன். வயதான ஹீட்டர் அப்படிச் செய்யும்தான். ஆனால் தினமும் ஒரே மாதிரியா நழுவும்? என் அறைக்கு வருகிற ஒரு கருவி அப்படி ஆடினால், 'இதில் வேறு யார் கை வைக்கிறார்கள்' என்றுதான் முதலில் கேட்பேன். வீட்டில் கேட்கத் தோன்றவில்லை. போதாததற்கு, நாளை எப்படியும் ஏறத்தானே போகிறது என்று, குறைக்கிறபோது கூடவே ஒரு நெல்லளவு சேர்த்தும் குறைத்தேன்.

இதெல்லாம் செய்துகொண்டிருந்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாயைத் திறக்காமல் அவருடைய மீன்களை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேனாம். பரிசுத்த வாரம் தொடங்குகிறபோது பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமான பாவங்களைச் சொல்லி முடித்ததும், வேறு ஏதாவது உண்டா என்று ஃபாதர் கேட்டார். "இந்த வருசம் வீட்டுக்காரர ஒரு வார்த்த ஏசல ஃபாதர்" என்றேன். பாவம் சொல்கிற இடத்தில் போய்ப் பீற்றிக்கொண்டு வந்தவள் இந்தக் கோவிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பெரிய வியாழன் அன்று மாலைப் பூசைக்கு நேரத்தோடு வரவேண்டும் என்று வேலைக்கு முன்னதாகவே கிளம்பிவிட்டேன். அவசரத்தில் மீன் அறைக்குள் போகவில்லை, குமிழைத் தொடவில்லை. ஒரு நாள்தானே என்று நினைத்தேன். மாலையில் இருவரும் பூசைக்குப் போய்விட்டு வந்து, களைப்பில் அப்படியே படுத்துவிட்டோம்.

பெரிய வெள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். காலையில் அவர் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்கூடத் தேவலாம். கோப்பி ஆறிக்கொண்டிருக்கிறதே என்று நான்தான் போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்கு மேலே சருகு மிதப்பது போல் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் அது சருகு இல்லை, குஞ்சுகள் என்று தெரிந்தது. பெரிய மீன்கள் இரண்டும் வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. விரலை விட்டேன், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் இருந்தது. தெர்மாமீட்டரே வேண்டியிருக்கவில்லை.

"கெழட்டு ஹீட்டரு, கழுத்த அறுத்துடுச்சு" என்றார். அதைப் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டார். பிறகு சின்ன வலையை எடுத்து மெதுவாக மேலே இருந்ததை வழிக்கத் தொடங்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் நான் ஏசவில்லை. அதற்காகவே அவர் என்னை நன்றியோடு பார்த்தார். மாதாவே, அந்தப் பார்வைக்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

சனிக்கிழமை அவர் கோவிலில் நாற்காலி அடுக்கப் போன பிறகு, குப்பைப் பையைக் கிளறி ஹீட்டரை எடுத்தேன். வாளியில் தண்ணீர் பிடித்து, குமிழைத் தொடாமல், செருகிவிட்டு உட்கார்ந்தேன். சூடு ஏறவேண்டிய மட்டுக்கு ஏறி நின்றது. அதன் பிறகு மாலை வரை ஒரு கோடு நகரவில்லை. மழை பெய்து நின்றது, அப்போதும் நகரவில்லை. எண் அழிந்த கிழட்டு ஹீட்டர்தான், ஆனால் வைத்த இடத்தில் நிற்கிற ஹீட்டர். அது ஒரு நாளும் நழுவியதில்லை. எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தேன். உள்ளே விட்ட என் தெர்மாமீட்டர் இருபத்தெட்டு என்றது. வெளியே ஒட்டிய அவருடைய பட்டை இருபத்தாறு என்றது. நான் முப்பதுக்குக் குறைத்துவிட்டுப் போகப் போக, அவர் பட்டையைப் பார்த்து, ஐயோ இறங்கிவிட்டதே என்று ஏற்றியிருக்கிறார். நான் நாளைக்கும் சேர்த்துக் குறைத்த மாதிரி, அவர் நாளைக்கும் சேர்த்து ஏற்றியிருக்கிறார். வியாழக்கிழமை பூசை அவசரத்தில் பட்டையைக்கூடப் பார்க்காமல் பழக்கத்தில் ஏற்றியிருப்பார். அன்றைக்கு ஏற்றுவதற்கு ஆள் இருந்தது, குறைப்பதற்கு ஆள் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து லிட்டில் இந்தியாவில் பசியாறப் போனோம். அது எங்கள் வழக்கம். சுற்றிலும் கோவிலிலிருந்து வந்த குடும்பங்கள், புதுச் சட்டைகள், ஒரே சத்தம். தோசை வந்தது. அவர் பிய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"நீ சொன்னப்பவே புதுசு வாங்கிருக்கணும்" என்றார். "எனக்கு வீம்பு. தெனம் மத்தியானம் பாப்பேன், சூடு எறங்கியே கெடக்கும். ஹீட்டரு போச்சுன்னு தெரியுது. சொன்னா, அன்னைக்கே சொன்னேன்லன்னு நெனப்பியேன்னு நானே கூட்டிக் கூட்டி வச்சேன். மன்னிச்சிரு."

மன்னிச்சிருவாம். என்னிடம்.

"ஹீட்டர் கெடலீங்க" என்றேன்.

"பின்ன?"

"நான்தான் தெனம் குறைச்சேன். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி."

அவர் தோசைத் துண்டைக் கீழே வைத்தார். ஐஸ் கச்சாங் கடை, தெர்மாமீட்டர், பட்டை, வாளி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"பட்ட தப்பாக் காட்டுதுன்னு ஒனக்கு மொதல்லயே தெரியும்?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"ஏச மாட்டேன்னு சொல்லிருந்தேன்ல."

அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல, மெதுவாகக் கேட்டார்: "ஏசாம சொல்லத் தெரியாதா ஒனக்கு?"

கடைக்காரர் வந்து, "இன்னும் சட்னி போடவா கா?" என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

மறுநாள் தவுக்கே போன் செய்தார். குஞ்சுகள் எவ்வளவு பெரிசு, எப்போது வந்து பார்க்கட்டும் என்று கேட்டிருப்பார். என் வீட்டுக்காரர் சன்னலோரம் நின்றுகொண்டு, "சாலா சாயா, தவுக்கே" என்று மலாயில் சொன்னது எனக்குக் கேட்டது. தப்பு என்னுடையது. ஹீட்டரில் நான்தான் கண்டபடி கை வைத்துவிட்டேன் என்றார். நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். நான் நின்றுவிட்டேன். பிடுங்கியிருக்கலாம், என் உடம்பில் பலமில்லாமல் இல்லை. தவுக்கே ஏதோ "தா அப்பா லா" என்று ஆறுதல் சொல்லித்தான் வைத்தார். ஆனால் பண்ணையில் தொட்டியைப் பார்த்துக்கொள்ள வருகிறவன், கண்டபடி கை வைக்கிறவனாக இருந்தால் யார் எடுப்பார்கள்? அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். இவர் இப்போது எங்கள் சொந்தக் கெரெத்தாவில், எங்கள் காரில்தான், ஆள் ஏற்றி ஓட்டுகிறார். விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் போய் வருகிறார். உட்கார்ந்தே இருப்பதில் இடுப்பு வலிக்கிறது என்கிறார்.

ஹீட்டர் மறுபடியும் தொட்டியில்தான் இருக்கிறது. என் தெர்மாமீட்டரை வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முப்பதில் நிறுத்தினேன். இந்த முறை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். குமிழின் மேல் சிவப்பு நகப்பூச்சில் பொட்டும் வைத்தேன். பட்டையை அவரே கத்தியால் சுரண்டி எடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆகவில்லை. அவர் இப்போது எதையும் கேட்காமல் தொடுவதில்லை. தண்ணீர் மாற்றட்டுமா என்று கேட்கிறார். தீனி போடட்டுமா என்று கேட்கிறார். முழங்கை வரை கையை விட்டு மீனைத் தடவிக்கொடுத்த மனுஷன், தொட்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார், கடையில் சாமான் உடைத்துவிடுவோமோ என்று பயந்த பிள்ளை மாதிரி. நான் அதைப் பார்த்துப் பார்த்து, ஏசாமல், சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அந்த ஜோடி மறுபடியும் முட்டை போட்டது. வெளியே மழை கொட்டியது. நான் அடுப்படியில் இருந்தேன். அவர் வந்து வாசற்படியில் நின்றார்.

"மழ பேயுது. ஒரு பொட்டு கூட்டலாமான்னு பாக்குறேன். கை வைக்கட்டுமா?"

கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. "யாரு மீனு அது? யாரு தொட்டி? என்னை எதுக்குக் கேக்குறீங்க? நான் என்ன ஒங்க சூப்பர்வைசரா? ஒங்களுக்குத் தெரியாதா, நீங்கதானே வளத்தீங்க? போய்க் கை வைங்க! திருப்புங்க! தப்பானா தப்பாகட்டும், தொட்டுத் தொலைங்க!" பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார், பிறகு மெல்லச் சிரித்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மீன் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், கண் எரிந்தது, வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை விட்டார். என் சிவப்புப் பொட்டின் மேலேயே கட்டைவிரலை வைத்து, குமிழை நெல்லளவு திருப்பினார்.

பிறகு கையை எடுக்காமல், தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சரியா?" என்று கேட்டார்.